புளி போட்டு மினுக்கிய தோட்டாக்கள்

வேட்டைக்காரர்களில் இரண்டு வகை உண்டு. குறி தப்பாமல் சுடுகிறவர்கள், குறி தப்பச் சுடுகிறவர்கள். நான் மூன்றாவது வகை. எனக்கு முன்னால் ஆற அமர நின்ற ஒரு மானை நாலு தரம் சுட்டு, அதற்குத் திடுக்கிடும் சிரமம்கூடக் கொடுக்காமல் அனுப்பி வைத்தவன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ரொறன்ரோவின் மல்வேர்னில் ஒரு வாடகை வீட்டில் மனைவி வதனியோடும் ஆறு வயது மகளோடும் இருந்தேன். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஃபக்டரியை மூடிவிட்டார்கள். அலைந்து திரிந்து கடைசியில் வோல்ற்றர் என்ற கிழவரின் பட்டறையில் தற்காலிக வேலை கிடைத்தது. வேட்டை றைபிள்களை ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்து கொடுக்கும் பட்டறை அது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே, யுத்தம் கண்டு வந்த எங்கள் சனம் கதிரையைப் பின்னுக்கு இழுக்கும் என்பதால், வெளியில் 'மெஷின் ஷொப்' என்று மட்டும் சொல்லி வைத்தேன். (பொய் இல்லை. மெஷின்கள் இருந்தன.)

கடையில் விற்கும் எந்தத் தோட்டாவும் மனதுக்குப் பிடிக்காத வேட்டைக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு சாதாரணத் தோட்டாவின், வெடிமருந்து நிரப்பும் பித்தளைக் கோதை எடுத்து, கழுத்தை ஒடுக்கி, தோளைச் சரித்து, எந்தக் கம்பெனியும் செய்யாத புதுத் தோட்டா ஒன்றை உண்டாக்குவார்கள். அதற்கு 'வைல்ட்கற்' என்று பெயர். பிறகு அந்தத் தோட்டாவுக்கு ஏற்றபடி ஒரு றைபிள் செய்விப்பார்கள். சட்டையைத் தைத்துவிட்டு அதற்குப் பொருத்தமான ஆளைத் தேடுவது போன்ற வேலை இது. வோல்ற்றருக்கு இதில் பெரிய பெயர். கனடா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிப் போவார்கள்.

அவருடைய பட்டறையில் இரண்டு வேலை மேசைகள் இருந்தன. இரண்டாவது மேசைக்காரர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அந்த மேசை கிடைத்தால் எனக்கு நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் கிறிஸ்மஸோடு வீட்டுக்குப் போகலாம். மேசைக்கு வோல்ற்றர் வைத்திருந்த நிபந்தனை ஒன்றுதான்: முதலில் உனக்கென்று ஒரு றைபிளைச் செய், அதோடு என்னுடன் காட்டுக்கு வா, அது வேலை செய்கிறதா என்று பார்ப்போம்.

"முதல் தடவை, சாதாரணத் தோட்டாவுக்கே செய்" என்றார்.

நான் கேட்கவில்லை. எட்டு மாதமாக வைல்ட்கற் செய்கிறவர்களுக்கு நடுவில் தூசு தட்டியவனுக்குச் சாதாரணத் தோட்டா மரியாதைக் குறைவாகப் பட்டது. லைசென்ஸ் எல்லாம் எடுத்து, ஒரு கோடைகாலம் முழுக்க வேலை முடிந்த பிறகு மினக்கெட்டு என் றைபிளைச் செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. சுடுதளத்தில் மூன்று வெடி வைத்தேன். மூன்று ஓட்டையையும் ஒரு டொலர் நாணயக் குத்தியால் மறைக்கலாம். வோல்ற்றர் கடதாசியைப் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டினார். அவர் தலையாட்டுவது வருடத்துக்கு இரண்டு தரம்தான்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கியது. சனிக்கிழமை காலை புறப்படுவதாகத் திட்டம். வேட்டைக்கென்று புதிதாக இருபது கோதுகள் ஒடுக்கி வைத்திருந்தேன். வியாழக்கிழமை பின்னேரம் வீட்டில் அவற்றைப் பரப்பிப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. கழுத்தெல்லாம் சூடு பட்டுக் கறுத்திருந்தது. வோல்ற்றரின் தோட்டாக்கள் பொன்னாகப் பளபளக்கும். அதற்கென்று பட்டறையில் ஒரு மெஷின் வைத்திருந்தார். நானும் மறுநாள் அதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து குசினியில் வதனி, வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கு கண்ணைப் பறித்தது.

கோதுகளை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உதுகள் என்ன, கறுத்துப் போய்க் கிடக்கு?" என்றாள்.

"சூடு காட்டினதாலை வந்த நிறம். ஒண்டும் செய்யாது."

"ஒண்டும் செய்யாதெண்டால் பிறகேன் புளியை எடுக்கிறியள்?"

"வோல்ற்றர் பாப்பார். அவரின்ரை தோட்டா எல்லாம் மினுங்கும்."

நான் தேய்க்கத் தொடங்கினேன். அவள் ஒரு கோதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள்.

"வாய் சரியான ஒடுக்கமாக் கிடக்கு. உள்ளுக்கை போன தண்ணி காயுமே?"

"உமக்கு உதெல்லாம் விளங்காது. இது மெஷின் வேலை."

(இந்த வசனத்தை நான் சொன்னது உண்மை. மறுத்துப் பார்த்திருக்கிறேன், சாட்சி பலமாக இருக்கிறது.)

இருபது கோதுகளையும் வெளிப்புறம் நன்றாகத் துடைத்தேன். உள்புறம் கண்ணுக்குத் தெரியாததால் அது ஈரமாக இருக்கும் என்று தோன்றவில்லை. அன்று பின்னேரமே மருந்து நிரப்பி, குண்டு பொருத்தி, காற்றும் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிப் பூட்டினேன். அவ்வளவு அழகான தோட்டாக்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

காடு ரொறன்ரோவிலிருந்து வடக்கே நாலு மணி நேரம். பெட்டியைத் திறந்து காட்டியபோது வோல்ற்றர் ஒரு தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "என்னுடையதைவிட மினுங்குதே" என்றார். எனக்கு அந்த மேசையின் முன்னால் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

பத்து மணியளவில் ஒரு கிடாய் மான் மரங்களுக்குள்ளிருந்து வந்து, அறுபது அடி தூரத்தில் பக்கவாட்டாகத் திரும்பி நின்றது. வோல்ற்றர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். மூச்சை அடக்கி விசையை இழுத்தேன்.

டிக்.

தோட்டா வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. பிந்தி வெடித்தாலும் வெடிக்கும் என்பதால் குறியை எடுக்காமல் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். மான் மேய்ந்தது. அடுத்த தோட்டாவைப் போட்டேன். டிக். இன்னொரு நிமிடம். மூன்றாவதுக்கு மான் தலையை நிமிர்த்தி என்னை ஒரு தரம் பார்த்தது. நாலாவது நிமிடம் முடிந்ததும், இங்கே அலுவல் ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று கண்டுகொண்டு நடந்தே போனது. ஓடக்கூட இல்லை.

"என்ன நடந்தது?" என்றார் வோல்ற்றர்.

அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. வதனி கோதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது. ஆனால் அந்த மேசையும் வந்தது. "மருந்து பழுது போல" என்றேன்.

வோல்ற்றரின் முகம் மாறியது. "பட்டறை மருந்துதானே?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். ட்ரக்கை நோக்கி நடந்தார். சிக்னல் கிடைக்கும் மேடு வரை ஓட்டிப் போய் நிறுத்தி, கைபேசியை எடுத்தார். அதே டின்னிலிருந்து இன்னும் நாலு வாடிக்கையாளர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்திருந்தாராம். முதலாவது அழைப்பு டக் என்பவருக்கு. வருடத்தில் ஒரே ஒரு வாரம் லீவு எடுத்து, ஆறு மணி நேரம் ஓட்டி, அப்போதுதான் காட்டில் இறங்கியிருந்த மனிதர். "ஒரு வெடியும் வைக்காதே. திரும்பிப் போ. பிழை என்னுடையது" என்றார் வோல்ற்றர். நாற்பது வருடமாக அவர் வாயில் வராத வசனம் அது என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்க எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

இரண்டாவது இலக்கத்தை அழுத்தத் தொடங்கினார்.

"வோல்ற்றர், பொறுங்கள். மருந்தில் பிழையில்லை" என்றேன்.

அவர் ட்ரக்கின் பின்கதவை மேசையாக்கி ஒரு தோட்டாவைக் கழற்றினார். கவிழ்த்தால் மருந்து கொட்ட வேண்டும். கொட்டவில்லை. தட்டியதும் புட்டுக் கட்டி போல ஒரு துண்டு விழுந்தது. அதில் கபில நிறத்தில் ஒரு தும்பு ஒட்டியிருந்தது. அவர் அதை மோந்து பார்த்தார்.

"இது என்ன?"

"புளி."

"புளி என்றால்?"

"ஒரு பழம்."

அவர் தும்பை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "தோட்டாவுக்குள் ஏன் பழம் வைத்தாய்?"

"வைக்கவில்லை. கழுவினேன்."

அவர் மறுபடி டக்கை அழைத்தார். நாற்பது வருட அனுபவமுள்ள ஒரு துப்பாக்கிக் கலைஞர், நடுக்காட்டில் நின்று, பிரச்சினை ஒரு பழம் என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. மறுமுனையில் டக் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது.

திங்கட்கிழமை என் சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பட்டறைக்குப் போனேன். வோல்ற்றர் தலை நிமிராமல் சொன்னார்: "இரண்டாவது அழைப்புக்கு முதல் சொன்னாய். முதலாவதுக்கு முதல் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம்." அந்த ஒரு வருடமும் மினுக்கும் மெஷின் என் பொறுப்பு. அடுத்த வேட்டைக் காலம் முடிந்ததும் மேசையைத் தந்தார்.

அந்த மேசையில் நான் செய்த முதல் றைபிளை வாங்க வந்தவர் டக். நான் மறைந்து போகலாமா என்று யோசித்தேன். அவர் றைபிளைக் கையில் வாங்கி, குழலையும் பார்க்காமல், கட்டையையும் பார்க்காமல், தோட்டா போடும் இடத்தில் மூக்கை வைத்து ஆழமாக மோந்தார். பிறகு தலையசைத்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

வதனி இதைக் கலியாண வீடுகளில் சொல்வாள். மகளுக்கு இப்போது பதினெட்டு. நான் சமைத்தாலும் சரி, அலுமாரி பொருத்திக் கொடுத்தாலும் சரி, முதலில் மோந்துதான் பார்ப்பாள். "Safety check, அப்பா" என்பாள்.

பட்டறையில் நிலைமை இன்னும் மோசம். டக் செய்ததைப் பார்த்து அவருடைய நண்பர்கள் செய்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். இப்போது காரணம் தெரியாத புது ஆட்களும், இது ஏதோ தொழில் சம்பிரதாயம் என்று நினைத்து, றைபிளை வாங்கியதும் கண்ணை மூடி மோந்து பார்க்கிறார்கள். போன மாதம் ஓர் இளைஞர் வெகுநேரம் மோந்துவிட்டு, அருமையான வேலை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி என்று சொல்லி வைத்தேன்.