ஏரியை மூன்று சுற்று

"நாள்காட்டியில எதுக்குங்க இத்தனை சிவப்பு வட்டம்?" என்று கேட்டாள் மனைவி.

கண்ணாடிக் கடைக்காரர் பேனாவைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். ஒளித்து என்ன பயன்? நான்கு வட்டங்களும் சமையலறைச் சுவரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

"மலைப்பாதை ஓட்டம். ஆத்தங்கரை, காடு, பாறைன்னு மூணுல ஓடிப் பழகிட்டு, கடைசியா நம்ம ஏரி மலை. இந்த வருஷம் பழைய பாதையிலயே நடத்துறாங்களாம். டாக்டர் என் முட்டிக்கு இந்த ஒரு வருஷம்தான் கெடு கொடுத்திருக்கார்."

"ஏரி மலையா?" அவள் முகம் மாறியது. "அன்னிக்குத் தம்பி வீடு மாத்துறான். பீரோவை யார் தூக்குறது?"

ஏரி மலையை விட அவருக்கு மனமில்லை. இருபது வருடங்களுக்கு முன் அவர் மானம் போனது அங்கேதான். அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடினார். ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். ஆனால் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இருந்த பலகையின் அம்பு மறுபடி ஏரியையே காட்டியது. சுற்றினார். மறுபடியும் காட்டியது. சுற்றினார். கடைசி ஆளாக வந்து சண்டை போட்டார். நடத்தியவர்கள் போய்ப் பார்த்தால், பலகை சமர்த்தாக இறங்கும் வழியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது!

"அம்புக்குறியே தெரியாதவரா நமக்குக் கண்ணு பார்க்கிறார்?" என்று இன்றும் கடையில் சிரிப்பவர்கள் உண்டு. கடையைப் பூட்டிக்கொண்டு அவரே பலமுறை தம் கண்ணைச் சோதித்திருக்கிறார்.

ஒரே ஆறுதல், அந்தப் பிரிவில் தண்ணீர் மேஜை போட்டு நின்ற பெண். பின்னால் அரை டிராயரில் அவள் தம்பி. ஒவ்வொரு சுற்றிலும் குவளையை நீட்டினாள். மூன்றாவது முறை, "வாங்க, நானே வழி காட்டுறேன்" என்று கூடவே இறங்கி வந்தாள். அந்த இறக்கத்தில் அடித்த காற்றும் அவள் ஓயாமல் பேசிய பேச்சும் அவருக்கு இன்னும் இனித்தன. அவள்தான் இப்போது கரண்டியோடு எதிரில் நின்றாள்.

மச்சானைக் கெஞ்சி, வீடு மாற்றுவதை முன்னால் தள்ளினார். அது நேரே ஆற்றங்கரை ஓட்டத்தின் தலையில் விழுந்தது.

"ஏரி மலை அன்னிக்கு உங்க கடையில இலவசக் கண் பரிசோதனை ஆச்சே?" என்றாள் மனைவி.

கண் டாக்டர் காலில் விழாத குறையாக அதையும் மாற்றினார். டாக்டருக்கு ஒழிந்த ஒரே நாள், காட்டு ஓட்டத்தன்று.

"பொண்ணுக்கு நீச்சல் போட்டி?"

நீச்சல் ஆசிரியரைப் பிடித்து மகளை வேறு பிரிவில் சேர்த்தார். அது பாறை ஓட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

"அப்பா, அந்தப் பிரிவுல எல்லாரும் என்னைவிடப் பெரியவங்க!" என்று மகள் அழுதாள்.

இப்போது சுவரில் ஒரே ஒரு வட்டம்தான் மிச்சம்.

"பழகாம மலை ஏறினா முட்டி என்னத்துக்கு ஆகும்? வேணாங்க" என்றாள் மனைவி.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எனக்குப் பரிசு வேணாம்டி. அந்தப் பாதை பிரியிற இடத்துல ஒரு தடவை சரியாத் திரும்பணும். என் கண்ணு மேல எனக்கே சந்தேகம் வந்து இருபது வருஷம் ஆச்சு."

அவள் வெகுநேரம் பாத்திரத்தையே துடைத்தாள். பிறகு, "சரி, போங்க. நானும் வந்து தண்ணி மேஜையில நிக்கிறேன்" என்றாள்.

மச்சான் வீடு மாற்றிய அன்று, பீரோவின் ஒரு முனையைப் பிடித்துப் படியேறிக்கொண்டே அவர் இந்தச் சந்தோஷச் செய்தியைச் சொன்னார். மச்சான் மறுமுனையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"டேய், வாயை மூடிட்டுத் தூக்குடா!" கீழேயிருந்து மனைவி கத்தினாள்.

"அக்கா தாராளமா நிக்கட்டும், அத்தான். ஆனா என்னை மட்டும் கூப்பிட வேணாம். போன தடவை நீங்க வர்றப்பல்லாம் அவ கண்ணைக் காட்ட, நான் அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பி வச்சு, எனக்குக் கை வலிச்சதுதான் மிச்சம்!"