ஹவில்தார் தாவீதுக்கு வரவேற்பு

மணி பதினொன்று. மதுராந்தகம் கடைத்தெரு மேடைக்கு எல்லாரும் வந்தாயிற்று, விழா நாயகரைத் தவிர.

எல்லைச் சண்டையில் அடிபட்ட நான்கு பேரைத் தோளில் சுமந்து வந்து பதக்கம் வாங்கி ஓய்வு பெற்றவர், கடப்பாக்கம் தாவீது. பழைய பேப்பரில் அதைப் படித்துக் கண் கலங்கி, இந்த விழாவையே ஏற்பாடு செய்தவர் வியாபாரிகள் சங்கச் செயலாளர் பட்டாபி. நேரில் பார்த்ததில்லை. 'கட்டாயம் வருகிறேன்' என்று தாவீதின் கடிதம் வந்திருந்தது. அவர் போன்தான் அணைந்து கிடந்தது.

காலையிலேயே கடப்பாக்கத்துக்குக் கார் அனுப்பியிருந்தார். டிரைவர் செல்வராஜ் அங்கிருந்து கூப்பிட்டான்.

"வூடு பூட்டிக் கீது சார். விடியக்காலையிலயே பஸ் ஏறிட்டாராம்."

"பஸ்ஸா! பேண்டு செட்டை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கோ!"

கடப்பாக்கம் பஸ்ஸிலிருந்து முறுக்கு மீசையோடு ஒருவர் இறங்கினார். மாலை விழுந்தது. அவர் திமிறத் திமிற, அடக்கம் என்று நினைத்துத் தோளில் தூக்கி வந்தார்கள். எம்.எல்.ஏ. பொன்னாடை போர்த்தி, மைக்கை நீட்டினார்.

"நான் இறால் பண்ணைக்கு மோட்டார் வாங்க வந்தேங்க. வுட்டுடுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எம்.எல்.ஏ.வின் முகம் கறுத்தது.

பட்டாபி மைக்கைப் பிடுங்கினார். "ஹவில்தார் தாவீது எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!" திருவிழாவில் குழந்தையைத் தொலைத்தவர் மாதிரி மூன்று தடவை கத்தினார். கடைத்தெரு முழுக்கக் கேட்டது. யாரும் வரவில்லை.

"இன்னாய்யா, பதக்கம் வாங்கினா அவ்ளோ திமிரா?" என்றார் சங்கத் தலைவர் ராஜாராம். "ஊரை அவமானப்படுத்திட்டான். கண்டனத் தீர்மானம் எழுது."

"சார், என்ன காரணமோ..."

"எழுதுய்யா!"

வாழ்த்து மடலைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதினார் பட்டாபி. ராஜாராம் வாசித்தார். கூட்டம் கை தட்டியது. சற்றுமுன் வாழ்த்துக்குத் தட்டவிருந்த அதே கைகள்.

அந்தச் சத்தத்தில் ஒரு பெண் முண்டியடித்து மேடையேறினாள்.

"நான் அவரு சம்சாரம் சார், ஜாக்குலின். விழாவைப் பாக்க வந்தேன்."

"எங்கம்மா போனார் உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார் பட்டாபி.

"லீவு கேட்டாரு சார், குடுக்கல. தோ, எதிர்ல ஏடிஎம் வாசல்ல வாட்ச்மேன் டூட்டில நின்னுகினு, நீங்க கூப்புட்டது, திட்டினது, அல்லாத்தையும் கேட்டுகினுதான் கீறாரு."