பதினேழாம் பக்கக் கிறுக்கல்

"இது பொதுச் சொத்து! உங்க வீட்டுச் சமையலறைச் சுவர் இல்ல!"

லவெர்ன் ஒரு காதல் நாவலின் பதினேழாம் பக்கத்தைப் பிரித்து, நூலகத்துக்கு வந்த ஆஸ்ட்ரிடின் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஓரத்தில் பென்சிலால் வரைந்த ஒரு சின்ன இதயம்.

ஆஸ்ட்ரிட் அசரவில்லை. "அது நான் படிச்சாச்சுங்கறதுக்கு அடையாளம். ஊரே ஆளுக்கொரு படம் பதினேழாம் பக்கத்துலதான் போடுது. எல்லா அட்டையிலயும் சட்டையில்லாத ஒரு குதிரைக்காரன். எதைப் படிச்சோம்னு வேற எப்படித் தெரியும்?"

"என்னைக் கேளு! அதுக்குத்தானே இருபத்திரண்டு வருஷமா இந்த மேஜையில உட்கார்ந்திருக்கேன்?"

அந்த மேஜைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வடக்கு டகோட்டாவின் அந்தச் சிற்றூர் நூலகத்தில், யாருக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று எடுத்துக் கொடுப்பது லவெர்னின் வேலை. அவள் எடுத்துக் கொடுப்பதை யாரும் வாங்கிப் போவதில்லை என்று புதிய தலைமை நூலகர் கிரெக் கண்டுபிடித்துவிட்டான். மார்ச் முடிவதற்குள் எண்ணிக்கை ஏறாவிட்டால் மேஜை போய் அங்கே தொடுதிரை வந்துவிடும்.

"எப்படி ஏறும்? எதை நீட்டினாலும் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துட்டு 'படிச்சாச்சு'ங்கறாங்க!"

குமுறிக்கொண்டே ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து அழித்தாள். இதயம், நட்சத்திரம், மீன், கோழி, இன்னும் என்னென்னவோ படங்கள். முந்நூறு புத்தகங்கள், நான்கு ரப்பர்கள்.

புதன்கிழமையே ஆஸ்ட்ரிட் ஒரு நாவலை மேஜையில் தொப்பென்று போட்டாள். "நாற்பது பக்கம் தாண்டினப்புறம்தான் ஞாபகம் வருது, கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஓடிப் போயிடுவான்!"

பின்னால் நின்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் டிவெய்ன் சேர்ந்துகொண்டார். "எனக்குக் கொலைகாரன் யாருன்னு ரெண்டாம் பக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. பெரிய அறிவாளின்னு நினைச்சுட்டேன். பார்த்தா, மூணாவது தடவை படிக்கிறேன்!"

"கம்ப்யூட்டர்ல பாரு லவெர்ன், நாங்க என்னென்ன எடுத்தோம்னு" என்றாள் ஆஸ்ட்ரிட்.

"புத்தகம் திரும்பி வந்ததும் அது அழிஞ்சிடும். யார் என்ன படிச்சாங்கன்னு நாங்க வெச்சுக்கக் கூடாது. அது உங்க அந்தரங்கம்!"

"என் அந்தரங்கத்தை எனக்குமா சொல்லக் கூடாது?" என்று கத்தினாள் ஆஸ்ட்ரிட்.

லவெர்ன் வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு தாள் ஒட்டினாள். படித்தவர் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சட்டையில்லாத குதிரைக்காரன் வரிசையில் பதினோரு நாவல்களிலும் பாஸ்டர் ஹால்வர்சனின் அழகான கையெழுத்து இருந்தது. அவர் மனைவி நேரில் வந்தாள்.

"பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கிறாராம்! பதினோரு புத்தகத்துலயுமா?"

"அவரைக் கேளுங்கம்மா! என்னை ஏன் கேட்கறீங்க?"

லவெர்ன் தாள்களையெல்லாம் கிழித்தாள். நல்லது செய்யப் போனவள்மீதே ஊர் பாய்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? மாதக் கடைசியில் கிரெக் கையில் காகிதத்தோடு வந்தபோது, அவள் தன் காபிக் கோப்பையைப் பையில் வைத்துக் கட்டத் தொடங்கியிருந்தாள்.

"லவெர்ன், என்ன மாயம் பண்ணினீங்க? நீங்க எடுத்துக் கொடுத்ததெல்லாம் மூணு மடங்கு வெளிய போயிருக்கு! உங்க மேஜையை யாரும் தொட மாட்டாங்க."

லவெர்ன் கோப்பையை எடுத்து ணங்கென்று மேஜையில் வைத்தாள். "இப்பவாவது தெரிஞ்சுதா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பிறகு, வெற்றி பெற்றவளுக்கே உரிய பெருந்தன்மையோடு ஒரு பெட்டி பென்சிலைத் திறந்து வைத்தாள். "போட்டுக்கோங்க, உங்க கிறுக்கலை. என் தேர்வை இனி எந்தப் பென்சிலும் அசைக்க முடியாது."

கூட்டம் முண்டியடித்தது. லவெர்ன் உயிராய் நினைத்து, கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் மீனவக் குடும்பக் கதையை டிவெய்ன் பிரித்து, ஒரு குட்டிக் கோழி வரைந்தார். அவள் போன வாரம் நீட்டிய நாவலில் ஆஸ்ட்ரிடும் ஒரு கோழி வரைந்தாள். அடுத்ததில் பாஸ்டரும் கோழிதான்.

லவெர்னுக்கு மறுபடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாரும் ஒரே கோழியைப் போட்டா, யார் படிச்சதுன்னு எப்படித் தெரியும்? கொஞ்சமாவது மூளை வேண்டாம்?"

டிவெய்ன் தலை நிமிராமல் கோழிக்கு வால் போட்டார்.

"கோழி படிச்சதுக்கு இல்ல லவெர்ன். 'இதை லவெர்ன் கையில திணிப்பா, வாங்கிடாதீங்க'ன்னு அடுத்தவங்களுக்குச் சொல்றது."