பதினேழாம் நாடாவும் பெரியப்பாவின் சம்மதமும்

வடதுருவத்தை ஒட்டிய சிக்குவிக் ஊரில் பழைய ஒளிநாடாக்கள் கெட்டுப்போகின்றன என்ற செய்தி தலைநகரத்தை எட்டியது. அன்றே பண்பாட்டுப் பேணுகைத் துறை கவலைப்படத் தொடங்கியது. துறை கவலைப்பட்டால் விமானம் வரும். வந்தது. நாற்பத்தொரு நாடாக்களையும் பெட்டியில் அடுக்கி, இரண்டாயிரம் மைல் தெற்கே கொண்டுபோய், குளிரூட்டிய அறையில் வைத்துப் பூட்டியது. நாடாக்கள் குளிரில் இருக்க வேண்டுமாம்.

"குளிர்தானே? இங்கேயே வெளியில வெச்சாப் போதுமே," என்றான் உயரசுக்.

"இங்குள்ள குளிர் சான்றளிக்கப்பட்டதல்ல," என்றார்கள் துறையினர்.

உயரசுக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் வீடியோ கூடத்தில் காமிரா பிடிப்பவன், வெட்டி ஒட்டுபவன், தரை கூட்டுபவன் மூன்றும் அவனே. அந்த நாடாக்களும் அவன் இருபது வயதில் எடுத்தவை. காமிராவைச் சட்டைக்குள் குழந்தைபோல வைத்துச் சூடாக்கி எடுத்தவை. எல்லாவற்றிலும் அவனுடைய பெரியப்பா துலிமாக்தான் இருப்பார். சீல் என்ற கடல்விலங்கைப் பிடிப்பார், பனிவீடு கட்டுவார், நாய்களைத் திட்டுவார். பதினேழாம் நாடாவில் உறைந்த வளைகுடாவின் பனியைக் கடக்கும் வழியைச் சொல்லியிருந்தார். எங்கே மெலிசு, எங்கே அடிநீரோட்டம் பனியைத் தின்னும், எந்தப் பாறைக்கு நேரே வந்ததும் திரும்ப வேண்டும் என்று.

எடுத்த காலத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வழியை எதற்குப் பார்ப்பது? இப்போது தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். இந்த வசந்தத்தில் மட்டும் இரண்டு பனி ஸ்கூட்டர்கள் மூழ்கின. ஒன்றை ஓட்டியவன் உயரசுக்கின் மகன் கௌதாக். இடுப்புவரை நனைந்து, நடந்தே வீடு வந்தான். வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "உன் ஸ்கூட்டரை எப்பப்பா தருவே?"

கடற்பனி உடைய ஐந்து வாரம் இருந்தது. அதுவரை கௌதாக் வேட்டைக்குப் போகாமல் வீட்டில் உட்கார மாட்டான். அவன் மட்டுமல்ல, ஊரில் ஒருத்தனும் உட்கார மாட்டான். பதினேழாம் நாடா உடனே வேண்டும்.

உயரசுக் துறைக்கு எழுதினான். பதினான்கு பக்கப் படிவம் வந்தது. மூன்றாம் பக்கத்தில், நாடாவில் காணப்படும் நபரின் சம்மதக் கையொப்பம் என்று ஒரு கட்டம். தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அவர் செத்து ஆறு வருஷமாச்சுங்க."

"ஆழ்ந்த இரங்கல். அப்படியானால் வாரிசுச் சான்று, நீதிமன்ற ஆணை, மூன்று சாட்சிகள். உத்தேசமாக ஆறு ஆண்டுகள் ஆகும்."

"பனி ஆறு வருஷம் நிக்காதே."

"பனி எங்கள் துறையின் கீழ் வராது."

படிவத்தைச் சுருட்டிக்கொண்டு அலுக்கியின் வீட்டுக்குப் போனான். அலுக்கி துலிமாக்கின் மகள். அடுக்களைத் தரையில் அட்டை விரித்து, உறைந்த மீனைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு வயதுப் பெண்குழந்தை ஒரு துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அலுக்கியின் கடைசிப் பிள்ளை. துலிமாக் போனபின் பிறந்ததால் அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்துவிட்டார் என்பது ஊர் வழக்கம். ஆணா பெண்ணா என்பதெல்லாம் பெயருக்குக் கிடையாது. ஆகவே அலுக்கி தன் குழந்தையை அப்பா என்பாள். உயரசுக் பெரியப்பா என்பான். ஊரில் யாரும் அதட்ட மாட்டார்கள். பெரிய மனுஷனை யார் அதட்டுவது?

"ஆறு வருஷம் ஆகுமாம் தங்கச்சி. செத்தவர் கையெழுத்து வேணுமாம்."

"யாரண்ணே செத்தது?" என்றாள் அலுக்கி, கத்தியை நிறுத்தாமல். "இதோ உக்காந்து மீன் தின்னுட்டிருக்காரு. நீ பாட்டுக்கு இவரைச் செத்துட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே. மனசு நோகாதா?"

உயரசுக் யோசித்தான். அதிகம் யோசிக்கவில்லை. குழந்தையின் முன்னால் மண்டியிட்டான்.

"பெரியப்பா, மூக்கைச் சிந்திட்டு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பெரியவர் பென்சிலை வாங்கினார். ஒரு வட்டம் போட்டார். அதற்கு ஐந்து கால் வைத்தார். ஒன்று வால் என்று பிறகு விளக்கினார்.

பத்தே நாளில் பதில் வந்தது. துறையின் வரலாற்றில் அத்தனை வேகம் கிடையாது. 'மதிப்பிற்குரிய திரு. துலிமாக் அவர்களுக்கு. தாங்கள் உயிருடன் இருப்பதை அறிந்து துறை மகிழ்கிறது. தங்களைக் கலந்தாலோசிக்காமல் தங்கள் இறப்பைப் பதிவு செய்தமைக்கு வருந்துகிறது. தங்கள் மரபுக் குறியீடு கையொப்பமாக ஏற்கப்பட்டது. எனினும் தங்களுக்குத் தொண்ணூற்று நான்கு வயது ஆவதால், சம்மதம் வற்புறுத்தலின்றி வழங்கப்பட்டதா என நேரில் உறுதி செய்ய அலுவலர் வருகிறார்.'

"இதுக்கு எதுக்கு ஆள் வரணும்?" என்றான் கௌதாக்.

"வந்துட்டுப் போகட்டும். நீ கரையிலேயே கிட," என்றான் உயரசுக்.

பனிக்கு மூன்று வாரமே மிச்சம் இருக்கையில் அலுவலர் வந்தார். பெயர் பிரிசில்லா வெக்ஸ்லி. காதில் சீல் தோல் கம்மல், கழுத்தில் எலும்பு போலச் செய்த பிளாஸ்டிக் மணி, காலில் தலைநகரத்தில் வாங்கிய பனிக்காலணி. ஊர்க்காரர்கள் ரப்பர் பூட்ஸில் நின்று வரவேற்றார்கள். வெக்ஸ்லி ஏதோ ஒரு ஓட்டலில் மூன்று நாள் பண்பாட்டுப் பயிற்சி முடித்தவர். கையில் கையேடு இருந்தது. மூத்தவர் பேசும்போது குறுக்கிடாதே. மூத்தவர் தரும் உணவை மறுக்காதே. பெயரிடும் வழக்கத்தைக் கேள்வி கேட்காதே. மூன்றும் சிவப்பு மையில்.

கூடத்தில் ஊரே கூடியது. அலுக்கி குழந்தையைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

வெக்ஸ்லி குழந்தையைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

"இவர்தான் திரு. துலிமாக்கா?"

"அவரேதான்," என்றாள் அலுக்கி. "எங்க அப்பா."

 வெக்ஸ்லி கையேட்டின் சிவப்பு மையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஐயாவை நேரில் காண்பது பெரும்பேறு," என்றார்.

ஐயா பாதி சப்பிய மீன்துண்டை அவரிடம் நீட்டினார். வெக்ஸ்லி கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கூட்டம் மெச்சியது. இதுவரை வந்த அலுவலர்களில் இவர் பரவாயில்லை என்று ஒருவன் முணுமுணுத்தான்.

பிறகு வெக்ஸ்லி பேசத் தொடங்கினார். இந்த நிலத்துக்கு வணக்கம் சொன்னார். கடலுக்குச் சொன்னார். காற்றுக்குச் சொன்னார். துறையின் நோக்கம், துணை நோக்கம், ஐந்தாண்டுத் தொலைநோக்கு எல்லாம் சொன்னார். உயரசுக் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான்.

"என்னப்பா சொல்றாங்க?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

"வணக்கம்கிறாங்க."

"இவ்வளவு நேரமாவா?"

ஒரு மணி நேரம் கழித்துக் கேள்வி வந்தது. "ஐயா, மேற்படி ஒளிநாடாக்களில் பதிவாகியுள்ள தங்கள் உருவம், குரல், அறிவு ஆகியவற்றைத் தங்கள் சமூகத்தார் காண்பதற்கும், படியெடுப்பதற்கும், திரையிடுவதற்கும் தாங்கள் முழு மனதோடு சம்மதிக்கிறீர்களா?"

உயரசுக் சுருக்கினான். "பெரியப்பா, படத்தை நாங்க பாக்கலாமா?"

சிக்குவிக்கில் புருவத்தைத் தூக்கினால் சரி. மூக்கைச் சுருக்கினால் முடியாது. இதற்கெல்லாம் வாய் வேண்டாம்.

பெரியவர் மூக்கைச் சுருக்கினார்.

 கேள்விக்காகச் சுருக்கினாரா, வெக்ஸ்லி பூசியிருந்த வாசனைத் தைலத்துக்காகவா, யாருக்குத் தெரியும்? சுருக்கியது சுருக்கியதுதான். அந்தப் பாழாய்ப்போன பயிற்சியில் இதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெக்ஸ்லி பேனாவை எடுத்தார்.

"ஐயா மறுக்கிறார்."

"இருங்கம்மா, இருங்க," என்று உயரசுக் மண்டியிட்டான். "பெரியப்பா, யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பேரன் தண்ணியில போயிடுவான். என்ன வேணும் உங்களுக்கு? பிஸ்கட் வேணுமா?"

"மூத்தவரை வற்புறுத்துகிறீர்கள்," என்றார் வெக்ஸ்லி. "அதுவும் பிஸ்கட்டைக் காட்டி. இதைத் தடுக்கத்தான் நான் வந்தேன்."

"குழந்தைங்க அது! நாலு வயசுக் குழந்தை!" என்று கத்திவிட்டான் உயரசுக்.

கூடமே திரும்பி அவனைப் பார்த்தது. அலுக்கி எழுந்துவிட்டாள்.

"என்ன சொன்னே அண்ணே? கையெழுத்து வாங்கறப்ப பெரியப்பா. வேணாம்னு சொன்னா குழந்தையா? எங்கப்பாவை என்னன்னு நெனச்சே?"

 அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் உயரசுக்குக்கு எரிச்சல்.

"மகளே, வீட்டுக்குப் போலாம்," என்றார் பெரியவர், நாற்காலியிலிருந்து இறங்கி. போய்விட்டார். வெக்ஸ்லி எழுந்து நின்று வழியனுப்பினார். 'நிலத்துக்கே திரும்ப விரும்புகிறார்' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ஆணை வந்தது. மூத்தவர் மறுத்துவிட்டபடியால் நாடாக்களை எவரும் காணலாகாது. எனினும் தம் உருவத்தைத் தாமே காணும் உரிமை மூத்தவருக்கு உண்டு. ஆகவே எல்லா நாடாக்களும் படியெடுக்கப்பட்டு ஒரு கைக்கணினியில் ஏற்றி அனுப்பப்படுகின்றன. அது மூத்தவரின் முகத்துக்கு மட்டுமே திறக்கும். அவர் பார்க்கும்போது அருகில் யார் இருக்கலாம் என்பது அவர் விருப்பம்.

முகத்தைப் பதிவு செய்ய வெக்ஸ்லி கூட்டத்தன்றைக்கே படம் எடுத்துப் போயிருந்தார். கன்னத்தில் மீன் ஒட்டியிருந்த படம்.

கைக்கணினி வந்த அன்று அலுக்கி வீட்டில் நிற்க இடமில்லை. பெரியவர் முகத்தைக் காட்டினார். திறந்தது. உயரசுக் பதினேழாம் எண்ணை அமுக்கச் சொன்னான். திரையில் துலிமாக், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய துலிமாக், குச்சியால் பனியைத் தட்டிக்கொண்டு நடந்தார். கௌதாக்கூடக் கழுத்தை நீட்டினான்.

"இங்கதான் எல்லாரும் ஏமாறுவீங்க," என்றார் திரையில் இருந்தவர். "நேரா போகத் தோணும். போகக் கூடாது. அந்தா தெரியுது பாரு..." கையைத் தூக்கினார்.

பெரியவர் கைக்கணினியை மூடினார்.

"போதும்," என்றார்.

"பெரியப்பா!"

"நாளைக்கு வா மகனே."

 துறையின் பூட்டு என்றால் ஸ்குரூ டிரைவரால் பெயர்த்திருப்பார்கள். இது பெரியப்பா வார்த்தை. அவர் தூங்கும்போது முகத்துக்கு நேரே பிடித்தால் திறக்கும் என்று ஒருவன் சொன்னான். அவனுக்கு யாரும் பதில்கூடச் சொல்லவில்லை.

உயரசுக் வெக்ஸ்லியைத் தொலைபேசியில் பிடித்தான். "நீங்க ஒரு உத்தரவு போடுங்கம்மா. ஊருக்கே காட்டணும்னு சொல்லுங்க."

"தங்கள் மரபுவழி அதிகாரத்தில் துறை தலையிடாது," என்றார் வெக்ஸ்லி.  இப்படி ஒரு வாக்கியம் சொல்லும் வாய்ப்புக்காகத்தான் அவர் வேலையில் சேர்ந்தாராம்.

மறுநாள் காலை அலுக்கி வாசலில் ஏழு பேர் நின்றார்கள். அடுத்த நாள் இருபது. பனியில் போகிறவன் எவனாக இருந்தாலும் அந்தக் கை எங்கே காட்டியது என்று தெரியாமல் போக மாட்டேன் என்றான். முன்பு தெரியாமலேதான் போய்க்கொண்டிருந்தார்கள். அது வேறு. பாதி தெரிந்தபின் போவதற்குத்தான் பயமாக இருந்தது.

பெரியவர் கூட்டத்தைப் பழகிக்கொண்டார். சாப்பிட்டபின் இரண்டு பேரை விடுவார். சில நாள் ஒருவரையும் விடமாட்டார். பிஸ்கட் கொண்டுவந்தவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். அது வற்புறுத்தல். உள்ளே வருகிறவன் காகிதத்தில் ஒரு நாய் வரைந்து தர வேண்டும். ஐந்து கால் இல்லாத நாயைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே விட்டவர்களுக்கும் பதினேழு கிடைப்பது அருமை. அவருக்குப் பிடித்தது இருபத்துமூன்றாம் நாடா. அதில் நாய்கள் சண்டை போடும். அதையே தினம் நாலு தடவை பார்த்தார்கள்.

"எங்கப்பா உசுரோட இருந்தப்ப ஒருத்தரையும் நாளைக்கு வான்னு சொன்னதில்லை," என்றாள் அலுக்கி ஒருநாள், வரிசைக்குத் தேநீர் ஊற்றியபடி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "முன்னால இருந்தப்ப," என்று திருத்தினாள்.

"நீ போகலையாடா?" என்று உயரசுக் மகனைக் கேட்டான். கௌதாக் வரிசையில் பதினோராவது ஆள்.

"எப்படிப்பா போறது? இடம் போயிடுமே."

வெக்ஸ்லி வந்துபோன மூன்றாம் வாரம் பனி உடைந்தது. சத்தம் கேட்டு எல்லாரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். வரிசையை விட்டு யாரும் நகரவில்லை. கை எந்தப் பாறையைக் காட்டியது என்று அன்றுவரை ஒருவனும் பார்க்கவில்லை.

இலையுதிர் காலத்தில் துறையின் ஆண்டறிக்கை வந்தது. பளபளப்பான தாள், அட்டையில் பெரியவரின் படம். உள்ளே சிக்குவிக்குக்கு ஒரு முழுப் பக்கம்: 'ஒளிநாடாக்கள் மூத்தவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட நாள்முதல் பனி உடைந்த நாள்வரை, வளைகுடாப் பனியில் ஒரு விபத்தும் நிகழவில்லை. மரபறிவு உயிர்களைக் காக்கிறது.'

உயரசுக் பொய்யைத் தேடி இரண்டு முறை படித்தான். ஒன்றுகூட அகப்படவில்லை. இதே திட்டத்தைச் சுற்றியுள்ள பன்னிரண்டு ஊர்களுக்கும் விரிவாக்கப் போகிறார்களாம். நாலு வயதுக்கு மேற்படாத மூத்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது.