நான் சான்றுப்படுத்திய வாழ்த்தட்டை

ஒரு மனிசன் காலையில் சேட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் பொக்கற்றுக்குள் போடுகிறான். கண்ணாடி எங்கே போய் இருக்க வேண்டும்? பொக்கற்றுக்குள். என் கண்ணாடி நேரே கீழே போய்ச் சீமெந்துத் தரையில் விழுந்தது. குனிந்து நெஞ்சைப் பார்த்தேன். பொக்கற் இல்லை. அது இருந்த இடத்தைச் சுற்றிவர நூல் தொங்கியது.

"பீற்றிஸ்!" என்று கத்தினேன். கல்லடிப் பாலத்துக்கு அந்தப்பக்கம் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலோடு இருந்த என் மனைவிக்குக் கேட்கவில்லை. கிட்டப் போனேன்.

"என்ட பொக்கற் எங்க?"

"இந்தா."

பிஸ்கட் பெட்டி மட்டையை மடித்து, முன்பக்கத்தில் நீலக்கோடு போட்ட என் பொக்கற்றை ஒட்டியிருந்தாள். அதற்குள்ளிருந்து, தேயிலைப் பக்கற்றின் வெள்ளித்தாளில் வெட்டிய ஒரு சின்னச் சம்மனசு, இரண்டு சிறகோடு எட்டிப் பார்த்தது.

"வடிவா இருக்கா?"

வடிவாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"போடுற சேட்டிலயா கத்தரிக்கோல் வெக்கிற?"

"பென்சன் எடுத்த நாளில இருந்து அந்தப் பொக்கற் சும்மாதானே கிடக்கு."

"நானும்தான் பென்சன் எடுத்த நாளில இருந்து சும்மா கிடக்கன். என்னையும் வெட்டி ஒட்டு!"

பீற்றிஸ் என்னை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தாள்.

"அவ்வளவுக்குப் பசை காணாது" என்றாள்.

விசயம் இதுதான். யேசு பிறப்புக்கு எங்கள் கோயில் மாதர் சங்கம் நத்தார் சந்தை வைக்கிறது. வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருட்களைக் கொண்டு வாழ்த்தட்டை செய்து விற்க வேண்டும். நல்ல காரியம். நானே கைதட்டினேன். வீணாகக் கிடப்பது எது என்று முடிவு செய்யும் உரிமையை யாருக்குக் கொடுத்தார்கள் என்றுதான் நான் கேட்கவில்லை.

முதல் கிழமை முட்டை வைக்கிற மட்டை போனது. பேசாமல் இருந்தேன். வெங்காயம் வருகிற வலைப்பை போனது. சரி. பிறகு என் குடையின் சீலை போனது. கம்பிகள் மட்டும் செத்த சிலந்திபோல மூலையில் கிடந்தன. சுவர்க் கலண்டரில் நவம்பர் முடிய முன்னமே நவம்பர் போய்விட்டது. இன்றைக்கு என்ன திகதி என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிறேன். வாழ்த்து அட்டையாம்! வாவிக்கரைப் புல்லில் ஊர்கிற அட்டையாவது வயிறு நிறைந்தால் விழுந்துவிடும். இந்த அட்டைக்கு வயிறே நிறைவதில்லை.

நான் சும்மா ஆள் இல்லை. கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், முப்பத்திரண்டு வருசம் கிளாக்காக இருந்தவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு கோப்பும் மேசை தாண்டியதில்லை. அந்த ஹெக்டர் செத்துப்போகவில்லை என்று காட்ட முடிவு செய்தேன்.

"இண்டையில இருந்து ஒரு சட்டம்" என்றேன். "ஒவ்வொரு அட்டையும் என்னட்ட வரவேணும். என்ட சாமான் ஏதும் அதில இருக்கா எண்டு நான் பாப்பன். இல்லை எண்டாத்தான் கையெழுத்து வெப்பன். கையெழுத்து இல்லாத அட்டை இந்த வாசல் படலையைத் தாண்டாது."

பீற்றிஸ் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஓம், அதுவும் நியாயம்தான். ஆனா வெளிப்பக்கம் எழுதினா வடிவு கெட்டுப்போகும். உள்பக்கம், கீழ வெய்யுங்க."

"உள்ளுக்கு ஒண்டும் எழுதல்லயே?"

"முதல்ல நீங்க பாஸ் பண்ணுங்க. மறுகா நான் வாழ்த்து எழுதுறன். வீணா எழுதி என்னத்துக்கு?"

என் சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை அந்த வீட்டில் அதுவரை கிடைத்ததில்லை. அன்று பின்னேரம் ஐம்பது அட்டை வந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணந்து பார்த்தேன். ஒன்றில் என் பழைய கழுத்துப்பட்டியின் நுனியைக் கண்டு பறிமுதல் செய்தேன். மற்ற எல்லாவற்றிலும் கச்சேரி எழுத்தில் எழுதினேன்: 'சரிபார்த்தேன். உண்மையெனச் சான்றுப்படுத்துகிறேன். ஹெக்டர்.'

நாலு நாள் கழித்துத் தபாலில் எனக்கே ஒரு அட்டை வந்தது. அனுப்பியவன் றெஜி.

றெஜி யார் என்று சொல்ல வேண்டும். பீற்றிஸின் அண்ணன். செட்டிபாளையத்தில் இருக்கிறான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நாலு வருசமாக நாங்கள் பேச்சில்லை. கரோல் போன வீடொன்றில், நாற்பது பேருக்கு முன்னால், நான் இரண்டாவது அடி பாடி முடிக்க அவன் சொன்னான்: "மச்சான் பாடத் தொடங்கின பிறகுதான் நம்மட வாவியில மீன் பாடுறத நிப்பாட்டின." எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊரின் பெருமை. நாற்பது பேரும் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார். அன்றைக்கு மூடிய வாயை நான் கோயிலில்கூடத் திறந்ததில்லை.

அட்டையில் இருந்தது: 'மச்சான், உன் பாட்டில்லாத நத்தார் நத்தாரே இல்லை. மன்னித்துக்கொள். றெஜி.'

"பாத்தியா! வந்து விழுந்திட்டான்!" என்று குதித்தேன். "இது நம்மட அட்டை மாதிரிக் கிடக்கே?"

"அண்ணன் சங்கத்துக்கு உதவியா நாலு வாங்கினவர்" என்றாள் பீற்றிஸ், பசையைக் கிண்டிக்கொண்டே.

எழுத்தும் எங்கேயோ கண்ட எழுத்துப்போல இருந்தது. வெற்றி கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த நாள் படலையில் ஓட்டோ நின்றது. றெஜி இறங்கினான். கையில் இறால் பை. முகத்தில் பெருந்தன்மை. நானும் பெருந்தன்மையோடுதான் வாசலில் நின்றேன்.

"மச்சான், நான் எல்லாத்தையும் மறந்திட்டன்" என்றான்.

"மறக்க வேண்டியது நான்தானே?"

"மன்னிப்புக் கேட்டது நீ. மறக்கிறது நான்."

"நானா? நீதானே கேட்ட! எழுத்தில கிடக்கு!"

"என்னட்டயும் எழுத்திலதான் கிடக்கு!" என்று சட்டைக்குள் கையை விட்டு ஒரு அட்டையை இழுத்தான்.

என் குடைச்சீலையில் வெட்டிய படகு; மணந்து பார்த்தும் என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. உள்ளே: 'மச்சான், நாலு வருசமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தது என் பிழை. எனக்குப் பாட வராது என்பதும் உண்மை.' அதற்குக் கீழே கச்சேரி எழுத்தில்: 'சரிபார்த்தேன். உண்மையெனச் சான்றுப்படுத்துகிறேன். ஹெக்டர்.'

"சான்றுப்படுத்தி வேற கிடக்கு" என்றான் றெஜி.

முப்பத்திரண்டு வருசம் வெறும் காகிதத்தில் ஒரு கையெழுத்து வைக்காதவன் நான். மந்திரியின் ஆட்கள் வந்து கேட்டும் வைக்காதவன். உள்ளே ஓடிப்போய் அவன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினேன். றெஜி வாசித்தான். காது சிவந்தது.

"இது பாதிரியார்ர பிறந்தநாள் அட்டை எண்டு சொல்லித் தங்கச்சி என்னட்டக் கையெழுத்து வாங்கின! வெறும் அட்டை!"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே பசை. ஒரே எழுத்து. 'ன்' போடும்போது வால் மேலே போகிற அதே எழுத்து.

"பீற்றிஸ்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். நாலு வருசத்தில் நானும் அவனும் ஒன்றாகச் செய்த முதல் வேலை அது.

அவள் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கிற முகமாக இல்லை.

"எனக்கு இருக்கிறது ஒரே ஒரு அண்ணன். ஒரே ஒரு புருசன். நாலு நத்தார் அண்ணன் வீட்ட நான் தனியப் போய்த் தனியத் திரும்பி வந்த. ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா? உங்கட கையெழுத்துக்கு இருக்கிற துணிவு உங்களுக்கு இல்லையே எண்டுதான் கையெழுத்த மட்டும் அனுப்பின."

றெஜி தரையைப் பார்த்தான். நான் இறாலைப் பார்த்தேன்.

"உள்ளுக்கு வா, மச்சான்" என்றேன் கடைசியில். "இதை இப்பிடி விடக் கூடாது. ரெண்டு பேரும் சேந்து இவளைக் கேக்கத்தான் வேணும்."

"கட்டாயம் கேக்கவேணும்" என்றான் அவனும், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

மேசைக்குப் போய் இருந்தோம். கேட்பதற்கு வாயைத் திறந்தோம். பீற்றிஸ் ஆளுக்கொரு கத்தரிக்கோலைக் கையில் தந்து, நடுவில் சீனிப் பெட்டி மட்டையை வைத்து, "சந்தைக்கு இன்னும் முப்பது நட்சத்திரம் வேணும்" என்று சொல்லிவிட்டு இறால் உரிக்கப் போய்விட்டாள்.

பின்னேரம் வந்து பார்த்தாள். றெஜியின் நட்சத்திரங்களைப் பெட்டிக்குள் போட்டாள். என்னுடையவற்றுக்கு நாலு மூலைதான் இருக்கிறதாம். சான்றுப்படுத்த முடியாது என்று திருப்பித் தந்துவிட்டாள்.