கறுப்பு போதாத பென்சில்

"இதுவும் மங்கல்தாங்க" என்று மனைவி விடைத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதும் கலவைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தாநாள் வாங்கிய பென்சில் மங்கல் என்றுதான் இதைப் புதிதாக வாங்கி வந்திருந்தார்.

பஸ் டிப்போவில் பெயின்ட் கலக்குகிற வேலை அவருக்கு. எந்த நிறத்தைக் காட்டினாலும் அச்சு அசலாகக் கலந்து கொடுத்துவிடுவார். ஆனால் வருஷக்கணக்காக மூக்கில் ஏறிய தின்னர் வாடை இப்போது இருமலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நெஞ்சு தாங்காது, மாடியில் ஆபீஸ் வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடிக்குப் போவதென்றால் மேற்பார்வையாளர் தேர்வில் பாஸாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. வயசு வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

படிக்காமல் போனதால் கோட்டை விட்டார் என்று ஊரே சொல்லும். அவர் ஒத்துக்கொண்டால்தானே? வட்டங்களைப் பென்சிலால் நிரப்புகிற தேர்வு, திருத்துவது மெஷின். மங்கலாக நிரப்பினால் மெஷின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் குறட்டை விடுகிற மனுஷன், பென்சில் என்றதும் கண் கொட்டாமல் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் மரமும் கரியும்தான், பிறகு ஏன் ஒன்று கறுப்பாகவும் இன்னொன்று சாம்பலாகவும் விழுகிறது? இப்படி ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. வெற்றுத் தாளில் கிறுக்கிப் பார்த்தால் ஆயிற்றா, தேர்வு ஹாலில் வருகிற பதற்றமும் கை வேர்வையும் வீட்டில் எப்படி வரும் என்று கேட்டாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதனால் ஒவ்வொரு பென்சிலுக்கும் ஒரு பழைய கேள்வித்தாள், கடிகாரத்தை எதிரில் வைத்து முழுசாக எழுதுவது என்று ஏற்பாடு. ரப்பருக்கு எந்த அளவு மசிகிறது என்றும் பார்க்க வேண்டாமா? தப்பான பதிலையெல்லாம் அழித்து, சரியானது எது என்று அவளே சொல்லிச் சொல்லி, மறுபடி நிரப்ப வைத்தாள்.

அடுத்து டூ-பி பென்சில் வந்தது. நல்ல கறுப்பு. அவர் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார், மீசையும் கறுத்தது.

"கறுப்பு சரிதாங்க. பக்கத்து வட்டத்துலயும் ஈஷியிருக்கே. ரெண்டு பதில்னு மெஷின் நினைச்சுக்காதா?"

ஃபோர்-பி வந்தது. அது தொட்டால் ஒடிந்தது, எழுதிய நேரத்தைவிடச் சீவிய நேரம் அதிகம். உடனே அவருக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. சுவருக்கும் பஸ்ஸுக்கும் இரண்டு பூச்சு பூசுகிறோமே, வட்டத்துக்கு மட்டும் என்ன? முதல் பூச்சு கெட்டியான பென்சிலால், மேல் பூச்சு மெத்தென்றதால். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. ஆனால் நேரம் முடிந்தபோது கால்வாசிக் கேள்வி அப்படியே கிடந்தது.

"பூசறதுக்கு நேரம் எங்க இருக்கு?" என்றாள் மனைவி. "கேள்வியை ஒரே பார்வையில முடிச்சாத்தானே மிஞ்சும்."

சரி என்று கேள்வியை ஒரே பார்வையில் முடிக்கப் பழகினார். பூச்சுக்காக மனுஷன் என்ன பாடுபட்டார் என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. முனையைத் தட்டையாக்கினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று உப்புத்தாளில் தேய்த்தார். கரித்தூள் பறந்து, இருமல் இன்னும் கூடியது.

டிப்போவிலும் அதே நினைப்புதான். ஒருநாள் கை ஒரு பக்கம் பெயின்டைக் கலக்க, மனசு இன்னொரு பக்கம் பென்சிலைக் கலக்க, மஞ்சள் பஸ் ஒன்று முழுசாகப் பென்சில் கரி நிறத்தில் வெளியே வந்து நின்றது. மேனேஜர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தேர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கலவைக்காரருக்கு அன்றைக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

தெருமுனை ஸ்டேஷனரி கடையில் அவர் தலை தெரிந்தாலே கடைக்காரப் பெண்மணி பென்சில் டப்பாவை மேலே எடுத்து வைத்துவிடுவாள். தங்கம் வாங்குகிறவர்கள்கூட இப்படி உரசிப் பார்க்க மாட்டார்கள் என்று கிண்டல் வேறு. இருக்கிற ரகமெல்லாம் வாங்கியாயிற்று. பின்னால் அமுக்கினால் முனை நீள்கிற பென்சில் தாளைக் கிழித்தது. வெளிநாட்டுப் பென்சில் வழுக்கியது. மனைவி ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், நம்பிக்கை போய், கையில் அகப்பட்ட ஏதோ ஒரு பென்சிலால் ஒரு தாளை எழுதி நீட்டினார். அவள் ஜன்னல் பக்கம் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுதாங்க" என்றாள். "இனிமே மாத்தவே மாத்தாதீங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பென்சிலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

மறுநாள் ஹாலில் அவர் வட்டங்களைத்தான் பார்த்தார், கேள்விகளை ஏதோ பழகிய முகங்களைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான். ரிசல்ட் வந்தபோது டிப்போவிலேயே முதல் ஆள் அவர். மேனேஜரே கீழே இறங்கி வந்து கை கொடுத்தார். கலவைக்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

இருமல் இல்லாமல் மாடியில் ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு, அடுத்த வருஷம் எழுதப் போகிற பையன்களுக்கும் இதே பென்சிலை வாங்கிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனார். ஒரு பெட்டி கேட்டார். பென்சிலில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் தான் கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னார்.

கடைக்காரப் பெண்மணி பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்தாள்.

"பென்சிலைத் தாராளமா வாங்கிட்டுப் போங்கண்ணே. ஆனா பழைய கேள்வித்தாளும் ஒரு கட்டு சேர்த்துக்குங்க. இந்தக் கட்டு தீர்ற வரைக்கும் எந்தப் பென்சிலும் எனக்குப் பிடிக்காது, நீ பாட்டுக்கு அவருக்கு வித்துக்கிட்டே இருன்னு சொல்லிட்டுத்தான் அண்ணி அன்னிக்குக் கேள்வித்தாள் கட்டை வாங்கிட்டுப் போனாங்க."