இடது காலுக்குக் கோப்பை, வலது காலுக்குக் கட்டு

அமெரிக்காவில் எங்கள் ஊரான டொலீடோவில் போன மே மாதம் கடவுளைவிட அதிகம் பேசப்பட்டவர் டாக்டர் எல்வுட் ஃபின்ச். எதற்கு டாக்டர் என்று கேட்ட ஓரிருவருக்கு "பாதங்களுக்கு" என்று பதில் வந்தது. அதோடு அவர்களும் திருப்தியாகிவிட்டார்கள். ஆட்டக்காரன் போட்டுக் கழற்றிய ஷூவைக் கறுப்பு வெல்வெட் பைக்குள் வைத்துக் கொடுத்தால் போதும். ஃபின்ச் கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையை விடுவார், ஒரு நிமிடம் முனகுவார். பிறகு அந்தக் கால் எத்தனை வருடம் ஓடும், எப்போது முறியும், கோப்பை கொண்டுவருமா என்று புட்டுப் புட்டு வைப்பார். ஷூ பொய் சொல்லாது என்பது அவர் வாதம். வாஸ்தவம்தான், அது எதையுமே சொல்லாது.

அவர் புகழ் வந்த வழியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியான ஹெரன்ஸ், ஐந்து வருடமாகத் தோற்பதையே தொழிலாக வைத்திருந்தது. லீக்கில் தோற்றவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கியெடுக்கும் நாளுக்கு டிராஃப்ட் என்று பெயர். அதில் யார் முதலில் எடுப்பது என்பதைத் தோற்ற அணிகளுக்குள் பிளாஸ்டிக் பந்துகளைக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்தக் குலுக்கலுக்கு ராசிப் பொருளோடு ஆள் அனுப்புவது வழக்கம். ஒருவர் முயல்கால் கொண்டுவருவார், இன்னொருவர் செத்துப்போன நாயின் கழுத்துப்பட்டையைக் கொண்டுவருவார். எங்கள் அணி முதலாளி கோர்டன் லாஸ்கி, ஃபின்ச் தடவிக்கொடுத்த பழைய ஷூ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டாவதாக எடுக்க வேண்டிய நாங்கள் மூன்றாவது இடத்துக்கு ஏறினோம். அவ்வளவுதான். பந்தைக் குலுக்கிய இயந்திரத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஷூவுக்கு முத்தம் கொடுக்க வரிசை நின்றது.

நான் அரங்கத்தின் கீழ்த்தளத்தில் பொரித்த பெர்ச் மீன் சாண்ட்விச் விற்கிறவன். என் கடைக்கு எதிரிலேயே ஃபின்ச் மேஜை போட்டதால் கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்தேன். ஒரு ஷூவுக்கு இருபது டாலர். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தன் பூட்ஸைக் கொண்டுவந்து, ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகலாமா என்று கேட்டார். ஒரு மணப்பெண் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அவன் செருப்பைத் தூக்கி வந்தாள். என் மனைவி மார்லீன், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்துக்குப் போடும் ஷூவோடு போனாள். குதிகாலில் ஒரு வெற்றி தூங்குகிறது என்று ஃபின்ச் அவளிடம் சொன்னார். அந்த வாரப் போட்டியில் எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தாள். விசாரித்தபோது, ஷூவைத் துடைத்ததால் சக்தி போய்விட்டது என்று விளக்கம் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் துடைக்க அனுமதியில்லை. கூட்டத்தால் என் மீனும் மளமளவென்று விற்றது என்பதை மறைக்கப் போவதில்லை. முட்டாள்தனத்துக்குப் பசி ஜாஸ்தி.

இதுவரை சிரிக்கலாம். அடுத்து நடந்தது எனக்கு எரிச்சலூட்டியது. டிராஃப்டில் யாரை எடுப்பது என்பதை ஃபின்ச்சே முடிவு செய்வார் என்று லாஸ்கி அறிவித்துவிட்டார்.

அணிக்கு ஆள் தேடுவது பன்னிரண்டு வருடமாக பெர்னடீன் கோவாச்சின் வேலை. கென்டக்கியில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆடிய லமார் டீக்ஸ் என்பவனை அவள் கண்டுபிடித்திருந்தாள். அவன் ஆடிய முப்பத்தொரு ஆட்டங்களை, மழையிலும் பனியிலும் காரோட்டிப் போய்ப் பார்த்து, நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தாள். ஃபின்ச் டீக்ஸின் பையில் கையை விட்டதும் முகத்தைச் சுளித்தார். சில்லென்று இருக்கிறது, முழங்காலில் ஆபத்து தெரிகிறது என்றார். ஏழடி இரண்டு அங்குலம் வளர்ந்த, எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்த இன்னொரு கல்லூரி ஆட்டக்காரன் ஹால்வர்சனின் பையைத் தொட்டதும் கதகதப்பாக இருக்கிறது என்று புல்லரித்தார். ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. பெயர் இல்லாவிட்டால் ஆன்மா வழி தவறிவிடுமாம்.

'முழங்கால்' செய்தி பரவியது. டீக்ஸைப் பயிற்சிக்கு அழைத்திருந்த இரண்டு அணிகள், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டன. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து முழங்கால் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை யாரும் படிக்கவில்லை. எந்த அணியும் எடுக்காவிட்டால் அவன் கூடைப்பந்து அதோடு முடிந்தது. எதிர்த்துப் பேசிய பெர்னடீனிடம், பிடிக்காவிட்டால் மேஜையைக் காலி செய்யலாம் என்றார் லாஸ்கி.

டிராஃப்டுக்கு முந்தைய ஞாயிறு மதியம், ஆறாயிரம் பேருக்கு முன்னால் கடைசிப் பரீட்சை. மேடையில் பெர்னடீன் தயார் செய்த பத்துப் பைகள் இருந்தன, அட்டைகள் இல்லை. பெர்னடீன் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"ஷூ தானே பேசும்னு சொல்றீங்க டாக்டர். அப்புறம் பேர் அட்டை எதுக்கு?"

"ஒரு வழிகாட்டலுக்குத்தான் அம்மா."

"பொய்யே சொல்லாத ஷூவுக்கு வழி தெரியாதா?"

ஃபின்ச் மழுப்பப் பார்த்தார். அவரைக் குழியில் தள்ளியது பெர்னடீன் அல்ல, பரம பக்தரான லாஸ்கிதான். "அதானே எல்வுட், அட்டை இல்லாமலே அடிச்சு விடுங்க. ஊரே அசந்துபோகட்டும்" என்று முதுகில் தட்டினார். நம்புகிறவனைவிடப் பெரிய எதிரி ஏமாற்றுக்காரனுக்கு இல்லை.

வேறு வழியில்லாமல் கையை விட்டார். ஒவ்வொரு பைக்கும் அவர் சொன்னதை அந்தத் தபால்காரரே பலகையில் எழுதினார். இரண்டாவது பை பதினைந்து வருடம் ஓடும், மூன்று கோப்பை கொண்டுவரும். ஐந்தாவது பைக்குக் கூடைப்பந்தே வேண்டாம், இன்சூரன்ஸ் விற்கலாம். ஒன்பதாவது பை பனிக்காலம் முடிவதற்குள் முறிந்து கட்டோடு கிடக்கும். பத்தும் முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பெர்னடீன் பைகளைக் கவிழ்த்தாள். எல்லாம் கிளப் கொடுத்த ஒரே மாதிரி சாம்பல் நிறப் பயிற்சி ஷூக்கள். உள்ளே அவரவர் எண் மையால் எழுதியிருந்தது.

"பத்துப் பை, ஆனா அஞ்சே பேர்தான். ஒவ்வொருத்தரோட இடது ஷூ ஒரு பையில, வலது ஷூ இன்னொரு பையில. ரெண்டாவது பையில இருந்தது டீக்ஸோட இடது கால். ஒன்பதாவதுல இருந்தது அதே டீக்ஸோட வலது கால்."

இன்சூரன்ஸ் விற்க வேண்டியது ஹால்வர்சனின் கால். ஃபின்ச் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு கால்களுக்கும் விதி தனித்தனி என்றார். அப்போது நடு வரிசையிலிருந்து எழுந்தது யார் தெரியுமா? என் மார்லீன்.

"அப்போ அந்தப் பையனோட இடது கால் கோப்பை வாங்கப் போறப்ப, வலது கால் ஆஸ்பத்திரியில படுத்திருக்குமா டாக்டரே?"

அதற்கு எழுந்த சிரிப்பில் மேடை ஆடியது. ஃபின்ச் பின்வாசல் வழியாக நழுவி, என் கடையைத் தாண்டி ஓடினார். தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று கத்திச் சொன்னேன், கேட்கவில்லை. வழுக்கிக் குப்புற விழுந்தார். அவர் ஷூ அவரிடமே ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா?

மேடையில் லாஸ்கி வெளிறிய முகத்தோடு பெர்னடீனைப் பார்த்தார்.

"டீக்ஸ் பெரிய ஆளா வருவான்னு நீங்களாவது சத்தியம் பண்ணுவீங்களா?"

"மாட்டேன் கோர்டன். நான் சொல்றதும் தப்பாயிருக்கலாம். ஆனா என்ன பார்த்தேன், ஏன் அவனை எடுக்கச் சொல்றேன்னு நோட்டுல இருக்கு. தப்பாப் போனா எந்தப் பக்கத்துல தப்பு பண்ணினேன்னு காட்டுவேன். அப்படிக் காட்டச் சொல்லி வேற யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க."

கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. வியாழக்கிழமை மூன்றாவது இடத்தில் லமார் டீக்ஸ் என்ற பெயர் வாசிக்கப்பட்டது. கடையில் இருந்த சின்னத் திரையில் நானும் மார்லீனும் பார்த்துக்கொண்டிருந்தோம். டீக்ஸ் எழுந்து போய், வழக்கப்படி அணியின் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டான். அவன் ஜெயிப்பானோ மாட்டானோ, இனி ஆடித்தான் தெரிய வேண்டும். ஆடுகிறவனைத் தேர்ந்தெடுக்க அவன் ஆடுவதைப் பார்த்தால் போதும் என்பதை எங்கள் ஊருக்குப் புரியவைக்க ஆறாயிரம் பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்பட்டன. தலை இருப்பது தொப்பி மாட்ட மட்டும் அல்ல என்பதைப் புரியவைக்க, உங்கள் ஊருக்கு எத்தனை ஞாயிறு வேண்டும்?